சாஃப்டில் கல் போட்ட பிள்ளைகள்

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஆழக்குழியான சாஃப்டின் வாயில் நான் மணிக்காரனாக இருந்தேன். இறக்கி ஏற்றும் கூண்டான கேஜில் ஆட்கள் ஏறியதும் மணி அடித்து, அதை இழுக்கும் இன்ஜின் டிரைவருக்குச் சொல்வது என் வேலை. ஒரு நாள் காலை ஷிப்டில், கீழே மண் அள்ளிக்கொண்டிருந்த முனுசாமி பாதி வேலையில் மேலே வந்தான். கையில் ஒரு கல்.

"இன்னாண்ணே, மேலருந்து கல்லு வருது? தோளுக்கு ஒரு சாண் தள்ளி வுழுந்துது."

சாஃப்டைச் சுற்றியிருந்த பலகை வேலிப் பக்கம் போய்ப் பார்த்தேன். தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் பலகை இடுக்கில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வரும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். தலைவி கன்னியம்மா. முனுசாமியின் மகள்தான், ஐந்து வயது.

சுரங்கத்து மேலதிகாரி கேப்டன் துரை என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு கல்லு வந்தா, நீ வேலைக்கு வராதே." இடுக்கை அடைக்கத் தச்சன் வர நாலு நாளாகும். அதுவரை என் பிழைப்பு அந்தப் பிள்ளைகள் கையில்.

"உள்ள பூதம் இருக்குது. கல்லு போட்டா மேல வந்து புடிச்சிக்கும்," என்றேன் பிள்ளைகளிடம். ஓடிவிட்டார்கள். மறுநாள் பத்துப் பேராக வந்தார்கள், பாவாடை மடியெல்லாம் கல்.

"பூதத்த பாக்கணும், பெரியப்பா. எத்தினி கல்லு போட்டா வரும்?" என்றாள் கன்னியம்மா.

அவள் பக்கத்தில் குந்தினேன். "உங்கப்பா எங்க?"

சாஃப்டைக் காட்டினாள்.

"நீ போடுற கல்லு எங்க போவுது?"

மறுபடி சாஃப்டைக் காட்டினாள். கை அப்படியே நின்றது. அவள் தோளிலிருந்து ஒரு சாண் அளந்து, "நேத்து உங்கப்பாவுக்கு இவ்ளோ பக்கத்துல வுழுந்துது," என்றேன். அவள் அழவில்லை. மடியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். பிறகு மற்றவர்கள் மடியையும் அவளே காலி செய்தாள்.

அன்று முதல் இடுக்குக்கு அவள்தான் காவல். மூன்றாம் நாள் நான் வழக்கம்போல வெற்றிலை மென்று, இடுக்கில் துப்பினேன்.

"பெரியப்பா, அது எங்க போவுது?"

"சாறுதாம்மா. அடிபடாது."

"எங்கப்பா சட்டையெல்லாம் செவப்பா வந்துச்சி. அம்மா ரத்தம்னு அழுதுச்சி."

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா," என்று கெஞ்சினேன். அவள் யோசித்துவிட்டு, என் வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னப் பிள்ளைகளிடம் இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று சொல்லப் போகிறவர்கள், முதலில் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவது நல்லது.