பஞ்சு ஒட்டிய கை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரன்று, கூட்டத்தில் வடத்தடியில் விழுந்த என்னை அண்ணன்தான் இழுத்துக் காப்பாற்றினான். எனக்கு அப்போது ஐந்து வயது. அவன் கை ரோமத்தில் ஒட்டியிருந்த மில் பஞ்சுகூட எனக்கு நினைவிருக்கிறது.

"அன்னைக்கு நான் தூக்கலேன்னா நீ இருப்பியாட்டி?" என்று வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சொல்லுவான். தொண்ணூறுகளில் இராஜபாளையம் வீட்டில் என் பங்கைக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னான். உயிரைக் காப்பாற்றியவனிடம் செங்கல்லுக்குக் கணக்குப் பார்ப்பதா என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்திர ஆபீஸிலிருந்து திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அம்மாவிடம் அந்தப் பஞ்சைப் பற்றிச் சொன்னேன்.

"ஏட்டி, அவன் மில்லுல சேந்ததே மறு வருசந்தான். அன்னைக்கு அவன் தேருக்கே வரலை, காய்ச்சல்ல கெடந்தான். உன்னைத் தூக்குனது வளையல் விக்க வந்த பொம்பளை."

"இதை முன்னாலேயே சொல்லக் கூடாதாம்மா?"

"அவன் ஆசையாச் சொல்லிக்கிட்டிருந்தான். நீயும் பாத்த மாதிரியே தலையாட்டுன."

வீடு போனது போகட்டும். அந்த வளையல்காரியின் முகத்தை நினைத்துப் பார்க்க எவ்வளவோ முயன்றுவிட்டேன். இன்றும் பஞ்சு ஒட்டிய அந்தக் கைதான் முன்னால் வந்து நிற்கிறது. என் வீட்டை எழுதி வாங்கிய கை.