மாமனாருக்குக் குறைத்த தண்ணீர்

நான் மடுகரையில் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாரின் மலம் பட்ட துணிகளை அலசியே வெறுத்துப்போய், அவருக்குச் சோற்றையும் தண்ணீரையும் பாதியாக்கினேன்.

"தாகமா இருக்குதும்மா" என்பார்.

"குடிச்சா யாரு அள்றது?" என்பேன்.

ஆறு நாள் மலம் போகவில்லை, நிம்மதியாக இருந்தேன். ஏழாம் நாள் தண்ணீராகக் கசிந்தது. பேதி என்று எண்ணி, அதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தேன். வயிறு கல்லாக வீங்கியதும் நானும் வீட்டுக்காரரும் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"உள்ள கெட்டியா அடச்சிக்கினு இருக்குது. சந்துல கசிஞ்சதப் போயி பேதின்னுட்டியே!" என்ற நர்ஸ், கையுறை மாட்டி விரலால் தோண்டி எடுத்தார். மாமனார் அலறியது வாசல்வரை கேட்டது.

இப்போது மலம் போகும் நாளைக் காலண்டரில் குறிக்கிறேன். நர்ஸைக் கேட்காமல் மாத்திரை கொடுப்பதில்லை. டம்ளர் நிறையத் தண்ணீர் நீட்டுகிறேன். அவர்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

"போதும்மா. அப்பறம் நீதான அள்ளணும்."