ஐங்கரனின் திறப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் பரிஸ் நகரத்துத் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க இறங்கினால், தயாளினியைக் கண்டு யாராவது ஒருவர் கேட்பார், அண்ணை சுகமோ என்று. இரவு வேலை, இப்போது நித்திரை என்று சொல்லிவிட்டு அவள் முருங்கைக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்குவாள். ஆண்டுக்கணக்காக அந்த மனுசன் நித்திரையாகவே கிடந்தான். உள்ளது என்னவென்றால், அவளுடைய புருசன் ஐங்கரன் எப்போதோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், நகரத்துக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இன்னொருத்தியோடு குடியிருந்தான்.

தயாளினி யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் தபாற்காரரின் நாலாவது பெட்டை. தமக்கைமார் மூன்று பேரும் கனடாவில். பரிஸ் நகரில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தவர், அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரான இராஜதுரைதான். தாய்வழியில் எண்ணினால் அவர் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. தகப்பன் வழியில் எண்ணினால் மாமா. வயது எழுபதைத் தாண்டிவிட்டதால் அவள் மாமா என்றாள், அவர் பிள்ளை என்றார். பெண்சாதி செத்தபின் அவர் முதலாம் மாடியில் தனியே இருந்தார். மேலே இரண்டாம் மாடியில் தயாளினியும் மகள் கஜனியும்.

புருசன் போனதை அவள் தமிழாட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பெட்டைப்பிள்ளை வளர்கிறது. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசுவதென்றால் தகப்பன் எங்கே என்பதுதான் முதற்கேள்வியாக வரும். அதற்காகத் தீபாவளிக்கு ஆம்பிளைச் சேட்டு ஒன்று வாங்கித் தோய்த்து யன்னலோரம் காயப்போடுவாள். தபால்பெட்டியில் அவன் பெயர் அப்படியே இருந்தது. கலியாண வீட்டுக்குக் கொடுக்கும் என்வலப்பிலும் ஐங்கரன் குடும்பம் என்றுதான் எழுதுவாள்.

அரசாங்கத்துக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொல்லாமல் முடியாது. விடியப்புறமும் பின்னேரமும் கந்தோர் கந்தோராக அலுவலக அறைகளைக் கூட்டித் துடைத்து அவள் உழைப்பது சாப்பாட்டுக்கும் பாதி வாடகைக்கும்தான் காணும். மற்றப் பாதியை வீட்டு உதவிக்காசுதான் நிரப்பியது. பிள்ளையோடு தனித்திருக்கும் பெண் என்பதால் கிடைத்த காசு அது. வந்தால் வீடு, வராவிட்டால் தெரு. ஆகவே ஊருக்கு அவளுக்குப் புருசன் இருந்தான், உதவிக்காசு கொடுக்கிற கந்தோருக்கு இல்லை. இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்ணுக்கு எப்படிக் களைப்பில்லாமல் இருக்கும்?

இந்தப் புளுகில் ஆகக் கஷ்டப்பட்டவள் கஜனி. அந்த வீட்டுக் கதவுப் பூட்டு நினைத்த கடையில் சாவி வெட்டக்கூடிய பூட்டு அல்ல. வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைத்தால்தான் புதுத் திறப்பு செய்து தருவார்கள். குடிவந்தபோது கிடைத்தவை இரண்டு. ஒன்று தயாளினியிடம், மற்றது ஐங்கரனோடு போய்விட்டது. புதிதாக ஒன்று கேட்டால், மற்றது எங்கே பிள்ளை என்று இராஜதுரை கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் கேட்கவேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் கஜனி, தாய் பின்னேர வேலை முடித்து வரும்வரை மாடிப்படியில் குந்தியிருப்பாள். இராஜதுரை கண்டால் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்துத் தன் மேசையிலே படிக்க விடுவார். அவர் வெளியே போன நாட்களில் படிதான்.

போன வசந்தத்தில் கந்தோரிலிருந்து எலோடி என்ற வெள்ளைக்காரப் பெண் வீடு பார்க்க வந்தாள். முன்கூட்டியே அறிவித்து, மரியாதையாகத்தான் வந்தாள். யன்னலோரம் கிடந்த சேட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் போகும்போது தபால்பெட்டியடியில் இராஜதுரை நின்றார். பெட்டியில் இருந்த பெயரைக் காட்டி, இவர் இங்கேயா இருக்கிறார் என்று அவள் கேட்டாள். கிழவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஓம், நல்ல மனுசன், இரவு வேலை என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லியனுப்பினார்.

அடுத்த மாதம் காசு வரவில்லை. தயாளினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கந்தோரில் வரிசையில் நின்றாள். அவர் அங்கே இருப்பதாக உங்கள் வீட்டுச் சொந்தக்காரரே சொன்னார் என்றாள் எலோடி. அவர் அங்கே இல்லையென்றால், அதை அறிந்தவர்கள் இரண்டு பேர் எழுதித் தரவேண்டும். அல்லது புருசன் தான் இருக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி தரவேண்டும். ஐங்கரனுக்கு எடுத்தால், தன்னை இதுக்குள் இழுக்கவேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அன்று பின்னேரம் அவள் முதலாம் மாடியில் நின்று கதவைத் தட்டினாள்.

"மாமா, அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"நீ சொல்லுறதைத்தான் நானும் சொன்னனான். வெளியாள் வந்து கேக்கேக்கை எங்கடை பிள்ளையின்ரை மானத்தை விடுவனோ?"

"அவர் இல்லை மாமா. விட்டிட்டுப் போட்டார்."

பிரெஞ்சில் எத்தனையோ தரம் சொன்ன வசனம். தமிழில் அன்றுதான் முதல்தரம் வாயைவிட்டு வந்தது.

"தெரியும் பிள்ளை."

"எப்பிடித் தெரியும்?"

இராஜதுரை எழும்பி மேசை லாச்சியை இழுத்தார். மருந்துப் பெட்டிகளுக்கும் பழைய கண்ணாடிக்கும் கீழே கையை விட்டு ஒரு திறப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "போன அண்டைக்கே கொண்டுவந்து தந்திட்டுத்தான் போனவன்."

அவள் அதைத் தொடவில்லை. புருசனின் நினைவு வரவில்லை. மாடிப்படிதான் நினைவில் வந்தது.

"அப்ப, பெட்டை படியிலை குந்தியிருக்கேக்கையும் இது இஞ்சைதான் கிடந்ததோ?"

கிழவர் லாச்சியைத் தள்ளி மூடினார். "தந்தால், எனக்குத் தெரியுமெண்டு உனக்குத் தெரிஞ்சுபோம். நீ தலைநிமிந்து போய்வாறாய். அதை ஏன் நான் குனியப்பண்ணுவான்?"

கோபம் வரவேண்டிய இடம் அது. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும்.

"கடைக்காரக் கலாவதி அக்காவுக்கும் தெரியுமோ?"

"அவன் புதன்கிழமையிலை அங்கைதானே சாமான் வாங்கிறவன். நீ வாறதைக் கண்டால் அவள் அவனைப் பின்கதவாலை அனுப்பிவிடுவாள்."

"பின்னை ஆருக்குத்தான் தெரியாது?"

"கேட்டுப்பார். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு, எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். கிழவருக்கு முகம் சுருங்கியது. இருக்கிறான் என்று சொன்ன வாயால் இல்லையென்று எழுதினால், வெள்ளைக்காரர் முன்னால் தான் பொய்யனாகப் போவேன் என்றார். இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் ஒருவரும் தன்னை அப்படிச் சொன்னதில்லையாம். அதை வீம்புக்குச் சொல்லவில்லை.

"எழுதாட்டி நான் வாடகை தரேலாது மாமா. நீங்கள் வீட்டை விட்டு எழுப்பமாட்டியள், எனக்குத் தெரியும். ஆனா உங்கடை வீட்டிலை ஓசியிலை நான் எத்தினை நாள் இருக்கிறது?"

விடிந்ததும் கிழவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எழுத்தில் வேண்டாம், நேரே வந்து சொல்கிறேன் என்றார்.

கந்தோரில் திறப்பை மேசையில் வைத்து, நான் பொய் சொன்னேன் அம்மா என்று பிரெஞ்சில் தொடங்கினார். அதற்குமேல் பாஷை ஓடவில்லை. ஏன் சொன்னீர்கள் என்று எலோடி கேட்டாள். அவர் தயாளினியைப் பார்த்தார். "நீயே சொல்லு பிள்ளை. புருசன் விட்டிட்டுப் போனதை எங்கடை ஆக்கள் வெளியிலை சொல்லமாட்டம் எண்டு சொல்லு."

தன்னைப்பற்றிய அந்தப் பேச்சைத் தானே மொழிபெயர்த்துச் சொன்னாள் தயாளினி. எலோடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல், இன்னும் ஒருவர் எழுதித் தந்தால் போதும், புருசன் பெயரையும் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். கலாவதி கடைக் கல்லாவில் வைத்து எழுதிக் கொடுத்தாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் அன்று கத்தரிக்காயைத் தெரிந்தெடுப்பதிலேயே கண்ணாயிருந்தார்கள்.

கோடை கழிந்துதான் காசு திரும்பி வந்தது. அதுவரை இராஜதுரை வாடகையைப்பற்றி வாய்திறக்கவில்லை. விட்ட மாதங்களுக்கும் சேர்த்து வந்தபோது அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவர் எண்ணாமல் வாங்கி லாச்சியில் போட்டார். திறந்த லாச்சியிலிருந்து திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மேலே வந்து அதைக் கஜனியிடம் கொடுத்தாள். பதினாறு வயதுப் பெட்டை திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எனக்குத் தெரியும் என்று பிரெஞ்சில் சொன்னாள். சின்னவளாக இருந்தபோது பென்சில் தேடி இராஜதுரையின் லாச்சியைத் திறந்து கண்டாளாம். அப்பாவின் திறப்பு வளையத்தோடே கிடந்ததாம்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லையே அம்மா" என்று, அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

பின்னேர வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. தயாளினி போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சரிந்தாள். கொஞ்சத்தில் கீழேயிருந்து யாரோ தமிழாள் மணி அடித்தார்கள். கஜனி வாசல் போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, அம்மா நித்திரை என்றாள். அன்றைக்கு அது உண்மை.