வெளியே மாட்டிய பேட்ஜ்

மட்டாஞ்சேரி சாயாக்கடையில் அன்று இருந்தவர்கள்: கடைக்காரர், அணு உலை வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஏஜென்ட், அவருடன் போகச் சம்மதித்திருந்த சுமை தூக்கும் அண்ணன், அவர் தம்பி, ஒரு வெல்டர், ஒரு பெயிண்டர், நான். மூலையில் அவர். பெயர் தெரியாது. மெலிந்த ஆள், புருவத்தில் முடியே இல்லை. காலியான சட்டைப்பையை அடிக்கடி தடவிப் பார்ப்பார்.

டிவியில், அணு உலை வெடித்த ஒரு வெளிநாட்டு ஊரைக் காட்டினார்கள். ஆளே இல்லை. வீட்டு ஜன்னல் வழியே மரம் வளர்ந்திருந்தது.

"அது அங்கே. நம்ம உலையில எல்லாருக்கும் பேட்ஜ் உண்டு. எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அது காட்டும். கூடினா வேலையை விட்டு எடுத்துருவோம்," என்றார் ஏஜென்ட்.

மூலையில் இருந்தவர் எழுந்து வந்தார். "எடுத்துட்டா கூலி போயிரும், பேட்ஜைக் கழட்டி வெளியே மாட்டிட்டு உள்ளே போன்னு சொன்னது யாருடா? நீதானே?"

"காலையிலேயே குடிச்சாச்சா அண்ணாச்சி?" என்று ஏஜென்ட் சிரித்தார்.

அவர் ஏஜென்ட்டின் முடியைப் பிடித்து முகத்தை மேஜையில் அடித்தார். கிளாஸ் உடைந்து கன்னத்தில் ஏறியது. மறுபடி அடித்தார். சாயாவும் ரத்தமும் சேர்ந்து ஒழுகின.

"போதும் சேட்டா, செத்துப்போவான்," என்று கடைக்காரர் பிடித்து இழுத்தார்.

"என்கூட உள்ளே போனவன் செத்துட்டான். அவன் பேட்ஜ் சுத்தமா இருந்துச்சு."

சட்டைப்பையைத் தடவிக்கொண்டே அவர் போய்விட்டார். பேட்ஜைக் கழட்டச் சொன்னது இந்த ஏஜென்ட்தானா, வேறு யாராவதா, இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் ஏஜென்ட் முகத்தில் கட்டோடு வண்டி கொண்டுவந்தார். நான் போகவில்லை. அண்ணன், தம்பி, வெல்டர், பெயிண்டர், நாலு பேரும் ஏறினார்கள்.