நாற்பத்தொன்றாம் நம்பர் கார்டு

1. கார்டு நின்ற நாள்

மே மாத ஞாயிற்றுக்கிழமை. ஏரியைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. படகுக்கு வரிசையில் நிற்க முடியாதவர்களெல்லாம் எங்கள் வீடியோ கேம் ஹாலுக்குள் புகுந்திருந்தார்கள். நான் கவுண்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார்.

"ஸ்டெல்லா, பறவை மெஷினுக்கு இனிமே கார்டு வராதாம். கம்பெனியே நிறுத்திட்டானாம். இருக்கிறதை வச்சு ஓட்டு" என்றார்.

இருந்தது ஒரே ஒரு பெட்டி. சாயங்காலத்துக்குள் அதுவும் தீர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை இது.

கவுண்டர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அந்த மெஷின் தெரியாது. ஆளுயரம் இருக்கும். டோக்கன் போட்டால் கீழே ஒரு கார்டு விழும். கார்டில் ஒரு பறவை, மூலையில் நம்பர், கீழ் விளிம்போரம் பார்கோடு. அந்த விளிம்பை மெஷினின் பள்ளத்தில் வைத்து இழுத்தால் பறவை திரைக்கு வந்து சண்டை போடும். மொத்தம் அறுபது பறவைகள். எந்தக் கார்டு விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே மைனா ஏழு தடவை விழுந்து அழுத குழந்தைகள் உண்டு. அழுத அப்பாக்களும் உண்டு.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். வேண்டாத கார்டு மூன்றைக் கொடுத்தால் ஓர் ஆட்டம் இலவசம். அதே கார்டை இன்னொரு தடவை நீட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, வாங்கியதும் பஞ்ச் வைத்து ஓட்டை போட்டுவிடுவேன். ஓட்டை விழுந்த கார்டு என் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், திரும்ப வெளியே போகாது. இது நான் போட்ட சட்டம். பழைய பஞ்ச் பனி ஈரத்தில் துருப்பிடித்துப் போனதால், போன வருஷம் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வைத்துக்கொள்வது. நட்சத்திர வடிவில் ஓட்டை போடும். கொடைக்கானலில் வேறு யாரும் கார்டில் நட்சத்திரம் குத்தியதில்லை.

2. ஜீப் டிரைவர்

செல்லத்துரை ஜீப் ஓட்டுகிறவர். டூரிஸ்ட்டுகளைப் படகுத் துறையில் இறக்கிவிட்டு அவர்கள் திரும்பும்வரை எங்கள் ஹாலில் நிற்பார். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவார்கள். இவர் பறவை மெஷின் ஆடுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மனைவி இறந்து வெகு நாளானவர், திரையில் கழுகு தோற்றால் "ச்சே" என்று முட்டியைத் தட்டிக்கொள்வார். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது.

எல்லா டிரைவர்களையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க, டிரைவர்" என்பேன். கன்னியாகவே நாற்பத்தெட்டு வயதாகிவிட்ட ஒருத்திக்கு இதற்கெல்லாம் காரணம் சொல்லத் தெரியாது, சொல்லவும் வேண்டியதில்லை.

கார்டு நின்றுபோன அன்றைக்கு அவரிடம் ஐம்பத்தொன்பது கார்டுகள் இருந்தன. இல்லாதது நாற்பத்தொன்று. நம் மலையில் விடியற்காலையில் ஓடையோரம் மனிதர் மாதிரி விசிலடிக்குமே, கருநீலக் குருவி, அதுதான் அந்தக் கார்டு. கார்டை இழுத்தால் மெஷினும் அதே மாதிரி விசிலடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"முப்பது வருசமா வெள்ளனே வண்டி எடுக்கையில இந்தக் குருவிதாங்க எனக்குத் தொணை. ஒலகத்துப் பறவையெல்லாம் கெடைச்சிருச்சு, நம்ம ரோட்டுப் பறவை மட்டும் சிக்க மாட்டேங்குது" என்றார்.

3. தேடின கதை

நின்றுபோன கார்டைத் தேடுவது கடையில் இல்லாத மருந்தைத் தேடுகிற மாதிரி இல்லை. மருந்துக்கு மாற்று மருந்து உண்டு.

முதலில் நான் சப்ளையர்களைக் கேட்டேன். மதுரையில் ஒருவர், ஸ்டாக்கெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார். கோயம்புத்தூர் மால் ஒன்றில் அதே மெஷின் இருந்ததாகச் சொன்னார்கள். விசாரித்தால், மெஷினோடு கார்டும் போய்விட்டது. இன்டர்நெட்டில் பார்த்தோம். படம் இருக்கும், கீழே விற்றுவிட்டது என்று எழுதியிருக்கும். விற்காமல் இருப்பதற்குச் சொல்கிற விலையில் ஜீப்புக்கு நாலு டயர் மாற்றலாம். ஒரு தடவை செல்லத்துரை துணிந்து வாங்கினார். வந்தது கலர் பிரிண்ட். மெஷின் அதைச் சீண்டவே இல்லை.

சுற்று வட்டார ஊர்களிலும் தேடினோம். வத்தலக்குண்டில் ஒரு வீட்டில் நாற்பத்தொன்று இருந்தது, அழுக்காகக் கூடாது என்று லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். அந்தத் தடிமனுக்கு அது பள்ளத்தில் இறங்காது. பிரித்துப் பார்த்தோம், பார்கோடு பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது. செல்லத்துரை அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. பூம்பாறையில் ஒரு பூண்டு வியாபாரி வீட்டில் ஒரு கட்டு இருந்தது. மழை ஈரத்தில் அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகக் கிடந்தது. ஒட்டன்சத்திரம் போகிற காய்கறி லாரிக்காரர்களிடமும் சொல்லி வைத்தார். அவர்களுக்கு நம்பர் புரியவில்லை, கண்ணில் பட்ட சீட்டுக்கட்டையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், கூட்டம் குறைவான நாள், வந்து நடந்ததைச் சொல்வார். நான் டீ வாங்கி வைத்திருப்பேன். "கெடைச்சுதாங்க?" என்று கேட்பேன். "இன்னும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அந்த "இன்னும் இல்லைங்க" என்ற வார்த்தைக்காக நான் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருப்பேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

4. பிஸ்கட் டப்பா

போன ஜூன் மாதம் அவர் ஒரு செய்தி சொன்னார். கண்ணில் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, மற்றதிலும் பார்வை சரியில்லை, பனியில் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள், எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள்.

"அந்தக் கார்டு ஒண்ணு கெடைச்சிட்டா ஜீப்பைக் குடுத்துட்டுப் போயிருவேன்னு மகள்கிட்டச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் என்னைய விட்டுரும்மான்னுட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆடி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. ஹாலில் ஈ காக்கை இல்லை. அந்த நாட்களில் நான் டப்பாவைக் கவிழ்த்து, ஈரம் ஏறிய கார்டுகளைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் காயவைத்து நம்பர் வாரியாக அடுக்குவேன். கார்டு வருவது நின்றாலும் மூன்றுக்கு ஓர் ஆட்டம் என்ற ஏற்பாடு நிற்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வீட்டு அலமாரியில் கிடந்த பழைய கார்டுகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்து ஆடினார்கள். சீசன் கூட்டத்தில் நான் எதையும் பார்ப்பதில்லை. வாங்குவேன், குத்துவேன், போடுவேன்.

முப்பத்தொன்பதை அடுக்கினேன். நாற்பதை அடுக்கினேன். அடுத்தது நாற்பத்தொன்று.

ஆறு வருஷமாக ஊரெல்லாம் தேடியது என் முழங்காலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. பார்கோடின் நட்ட நடுவில் நட்சத்திர ஓட்டை. அதைத் தலைகீழாகப் பிடித்துக் குத்தியிருக்கிறேன். குத்தியது என் கைதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. செவ்வாய் வந்தது, அவரும் வந்தார், நான் சொல்லவில்லை. ஓட்டை போட்ட கார்டைக் காட்டினால் மனசு உடைந்துபோவார் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. கார்டு கிடைத்தால் அவர் போய்விடுவார். அவ்வளவுதான். "கெடைச்சுதாங்க?" என்று வழக்கம்போல் கேட்டேன். "இன்னும் இல்லைங்க" என்று வழக்கம்போல் சொன்னார்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஐப்பசி பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜீப்பின் இடது பக்க மட்கார்டு நசுங்கி வந்து நின்றது. பனியில் வளைவு தெரியவில்லையாம், சுவரில் உரசிவிட்டதாம். உள்ளே நாலு டூரிஸ்ட் இருந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படிச் சுவர் இல்லாத வளைவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். இவரை இந்த ரோட்டில் ஓடவைத்துக்கொண்டிருப்பது நான்தான்.

அதே வாரம் முதலாளி வந்தார். ஹாலைச் சாக்லேட் கடையாக மாற்றப் போகிறார், மெஷின்களை அடுத்த திங்கட்கிழமை வத்தலக்குண்டுப் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொள்வார் என்றார். நான் செல்லத்துரைக்குப் போன் செய்து, ஞாயிறு காலையில் கடை திறக்குமுன் வரச் சொன்னேன்.

5. நட்சத்திரம்

கார்டைக் கவுண்டரில் வைத்தேன். முதலில் குருவியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் ஓட்டையைப் பார்த்தார்.

"இது ஒங்க டப்பாவுல கெடந்ததுதானே?"

"ஆமாங்க."

"எப்பயிருந்து?"

"ஆடி மாசமே கண்ணுல பட்டுருச்சு."

ஏன் என்று அவர் கேட்குமுன் நானே சொன்னேன். "குடுத்தா நீங்க போயிருவீங்கன்னு வச்சுக்கிட்டேன். மட்கார்டைப் பார்த்தப்புறம் வச்சுக்க முடியலை. தப்புத்தாங்க."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மொதல்ல இது விசிலடிக்குதான்னு பாப்போம், வாங்க" என்றார்.

இழுத்தார். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் சிவப்பு. ஓட்டை விழுந்த இடத்தில்தான் ரீடரின் ஒளிக்கோடு போகிறது.

இங்கே என் தொழில் கைகொடுத்தது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் மெக்கானிக் எப்போதோ சொல்லியிருந்தார், பார்கோடு முழு உயரத்துக்கும் வேண்டியதில்லை, அறுபடாமல் ஒரு நூல் அகலம் இருந்தால் போதும் என்று. கார்டின் ஓட்டைக்குக் கீழே விளிம்போரம் அந்த நூல் அகலம் மிச்சமிருந்தது. கார்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஒளி அதன்மேல் விழும். கையால் தூக்கினால் ஆடும். நான் பழைய டோக்கன் ரசீதை நீளவாக்கில் மடித்துப் பள்ளத்தின் அடியில் பரப்பினேன். போதவில்லை. இன்னொரு மடிப்பு வைத்தேன். "வெரசா இழுக்காதீங்க, ஒரே சீரா இழுங்க" என்றேன்.

நாலாவது தடவை பச்சை எரிந்தது.

திரையில் ஓடை வந்தது, ஈரப் பாறை வந்தது, பாறைமேல் கருநீலக் குருவி வந்து உட்கார்ந்தது. அந்தக் கிழட்டு ஸ்பீக்கரில் அது விசிலடித்தது. எந்த ராகத்திலும் சேராமல், வேலையில்லாத மனிதர் சும்மா அடிக்கிற மாதிரி. அவர் சண்டைக்கான பொத்தானை அழுத்தவில்லை. நேரம் தீர்ந்து திரை அணையும்வரை கேட்டுக்கொண்டே இருந்தோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவர் கார்டைத் துடைத்தார். தன் ஐம்பத்தொன்பது இருக்கும் பையைத் திறந்தார். திறந்தவர் மறுபடி மூடிவிட்டு, நாற்பத்தொன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒங்க டப்பாவுலயே கெடக்கட்டும். ஓட்டை விழுந்த கார்டு வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

"அப்ப ஒங்களுக்கு?"

"ஜீப்பை வித்துருவேன், மகள்கிட்டப் போயிருவேன். அதுல மாத்தமில்லை. ஆனா ஒரு கார்டு கொறையுதுன்னாத்தானே மாசம் ஒருக்கா கொடைக்கானல்ல எனக்கு ஒரு சோலி இருக்கும்."

6. கடைசியாக

மறுநாள் மெஷின் போய்விட்டது. அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. இப்போது அங்கே சாக்லேட் அலமாரி நிற்கிறது, நான் அதே கவுண்டரில் சாக்லேட் நிறுத்துக் கொடுக்கிறேன்.

கவுண்டரில் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். கையில் வாங்கியதைப் பார்க்காமல் குத்தாதீர்கள், அதன் அருமை வேறு யாருக்கோ தெரிந்திருக்கும். இருக்கிற சரக்கை இல்லையென்று சொல்லாதீர்கள். நான் மூன்று மாதம் அப்படி மறைத்தேன், அதற்குள் ஒரு ஜீப் சுவரில் உரசியது. அந்தச் சுவரை நினைத்து இன்றும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் பஸ்ஸில் வருவார். மற்ற செவ்வாய்க்கிழமைகள் மெதுவாகத்தான் போகின்றன. அவர் வருகிற அன்றைக்கு மட்டும் பத்து மணிக்கெல்லாம் டீ வாங்கி மூடி வைத்துவிடுவேன். அவர் உள்ளே வந்து, ஸ்வெட்டரை உதறிவிட்டு, சாக்லேட் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

"கெடைச்சுதாங்க?" என்று கேட்பேன்.

பிஸ்கட் டப்பா என் காலடியில்தான் இருக்கும்.

"இன்னும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார்.