தமிழரசனின் மெயில் பெட்டி

நான் எழுதுவது நடந்த விஷயம். நம்பாதவர்கள் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கலியபெருமாள் உப்பளம் எது என்று கேட்டுப் பார்க்கலாம். நான்கு தலைமுறையாக எங்கள் வார்த்தைக்கு இங்கே மதிப்பு உண்டு. ஊருக்கு நான் சொன்ன ஒரே பொய், என் மகன் தமிழரசன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்பது.

அவனை வெளியே போகச் சொன்னது நான். எங்கள் பாத்தியில் உப்பு வாரும் சாலமன் மகள் சந்தியாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக, ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொன்னான். 2004 மே 15, உச்சி வெயில். வரப்பு வழியாக ரோட்டைப் பார்த்து நடந்தான். யாரும் தேடக் கூடாது என்றேன். அவன் பேர் போட்ட காகிதம் எதுவும் என் மேஜைக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, மே 15, ஞாயிறு. ஆபீஸ் மெயில் சர்வரில் இடமே இல்லை. வியாபாரிகள் அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பிப் போகிறது. கம்ப்யூட்டர் பார்ப்பது என் தம்பி மகள் வினோதினி. ஆபீசில் யார் மெயில் அனுப்பினாலும் ஒரு நகல் என் பெட்டிக்கு வந்தாக வேண்டும், அது என் சட்டம். கம்ப்யூட்டரை நான் தொடுவதில்லை. அவள்தான் பிரிண்ட் எடுத்துத் தருவாள்.

"எல்லாப் பெட்டியையும் சி.டி.யில எடுத்துக்க. தமிழரசன் பெட்டிக்கு மட்டும் காப்பி வேணாம். படிக்காத. அழிச்சுடு" என்றேன்.

சரி என்று ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனியில் அவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பூர் பேச்சை நம்பியிருந்தார்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் சந்தியா விவகாரம் வெளியே போனால் அவள் கல்யாணம் நின்றுவிடும்.

இனி நடந்தது அவள் வாயால் கேட்டது.

காலை 11:05. கேட்டில் காவல்காரன் முருகையன். "ஞாயித்துக்கெழம கூடவாம்மா? உங்க பெரியப்பா எமனுக்கே ஓவர்டைம் போடுவாரு" என்று சிரித்தான். உள்ளே அவள் மட்டும். வெளியே கண் கூசும் வெள்ளை. ஒரு காக்கை கூட இல்லை.

12:04. ஆறு சி.டி. எழுதி முடித்தாள். கடைசியாகத் தமிழரசன் பெட்டி. ஆபீசிலேயே பெரிய பெட்டி அதுதான். ஒரு வருஷமாக ஆளே இல்லாத பெட்டி... எப்படி?

அழித்தாள்.

12:09. பெட்டியில் மெயில் பூஜ்யம். ஆனால் டிஸ்க்கில் ஒரு துளி இடம் கூடவில்லை.

12:11. பெட்டியில் ஒன்று.

அழித்தாள். இரண்டு.

அனுப்பியவர் தமிழரசன். சேர வேண்டியது எனக்கு. வந்த இடம், அதே அறையில் மூலையில் இருந்த அவனுடைய பழைய கம்ப்யூட்டர். திரும்பிப் பார்த்தாள். அதன் பிளக் தரையில் கிடந்தது.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

மூன்று.

12:14. எனக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா... அழிய மாட்டேங்குது."

"ஆஃப் பண்ணிட்டு வா."

"இங்க யாரோ இருக்காங்க பெரியப்பா."

"உளறாத."

போனை வைத்தேன். ஆமாம், வைத்துவிட்டேன்.

டக்... டக்...

விசைப்பலகைச் சத்தம். மூலையிலிருந்து.

சிவப்புத் தரையில் ஈரக் கால் தடம். வாசலிலிருந்து மூலையில் அவன் உட்காரும் நாற்காலி வரை. இடது கால் மட்டும் கோடாக இழுபட்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கத் தடம் காய்ந்தது.

வெள்ளையாக.

உப்பு.

திரும்பிப் போன தடம் இல்லை.

12:17. திரையில் ஒரு மெயில் தானாகத் திறந்தது. அவள் படிக்க நிற்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

மூன்றாம் நாள் முருகையன் வந்து நின்றான். டிசம்பரில் கடல் ஏறி வந்து நிரம்பிய, யாரும் போகாத பழைய நீர்த்தேக்கம் வெயிலில் வற்றிவிட்டதாம். இடிந்து கிடந்த வரப்பு மண்ணுக்கு அடியில் ஒரு கை தெரிகிறதாம்.

உப்பில் ஊறிய உடம்பு. முகம் கூடக் கெடவில்லை. இறந்து ஒரு வருஷம் இருக்கும் என்றார் டாக்டர். இடது கால் முறிந்திருந்தது. ரோடு அங்கிருந்து இருநூறு அடி.

போலீஸ் போன பிறகு, வினோதினி என் பெட்டியைத் திறந்தாள். அவன் பெட்டியை அழித்தாலும் நகல் எல்லாம் என்னிடம் இருந்தன, அவன் பேரில் வருவது கண்ணில் படாமல் தானாக ஒதுங்கும்படி அவள் எப்போதோ செய்து வைத்த மூலையில். என் சட்டம். அவன் போன நாளிலிருந்து தினம் ஒன்று, மதியம் 12:17க்கு. ஒவ்வொன்றிலும் அதே ஒரு வரி, ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப.

"அப்பா, வரப்பு சரிஞ்சு கால் போச்சு. ஆளை அனுப்புங்க."

கடைசி மெயில் மட்டும் வேறு. அந்த ஞாயிறு 12:17.

"அப்பா, தண்ணி வத்திடுச்சு. ஆள் வேணாம். நானே வர்றேன்."

அந்த ஞாயிறு சாயங்காலமே எங்கள் வீட்டுக் கூடத்தில், என் கட்டில் வரைக்கும் உப்புத் தடம் இருந்தது. யாரோ கூலியாள் ஏறி வந்துவிட்டான் என்று திட்டி, கழுவச் சொன்னவன் நான்தான். அதிலும் திரும்பிப் போன தடம் இல்லை.