விருத்தாம்பாள் நடத்திய ஒத்திகை

"தறி யாருதும்மா?" என்று குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கேட்டாள் விருத்தாம்பாள். ஒரு கை இடுப்பில்; மறு கையில் தாள் வைத்திருப்பதாகப் பாவனை. குழித்தறியில் இருந்த பக்கத்து வீட்டுக் காத்தாயி சிரிப்பை அடக்கமாட்டாமல், "எங்களுதுங்க சார்" என்றாள். போச்சு! விருத்தாம்பாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி சொல்லிகினு கீறே? பாவு யாருது? பட்டு யாருது? ஜரிகை யாருது? எல்லாம் மொதலாளிது. நாலு கட்டைய நட்டு வெச்சிகினு எங்களுதுன்றியே! கூலிக்கு நெய்யறோம்னு சொல்லு. இன்னொரு தபா."

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் ஆரணித் தெருக்களில் வீடு வீடாக அவள் நடத்திய ஒத்திகை இது. ஆலைத் தொழிலாளிக்கு நோய் வந்தால் காப்பீட்டு வைத்தியம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு இல்லை. அவனையும் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி நெசவாளர் சங்கம் ஐந்து வருஷமாகக் கொடி பிடித்தது. ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சியும் தலையாட்டியது. பட்டு முதலாளிகளோ, "அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, சொந்தத் தொழில் செய்கிறவர்கள்" என்று டெல்லிக்கு எழுதிப் போட்டார்கள். கடைசியில், வீடு வீடாகக் கேட்டு எழுதி வரும்படி ஓர் அதிகாரிக்கு மேலிடத்து உத்தரவு. தறி சொந்தம் என்றால் சட்டத்துக்கு வெளியே. கூலி நெசவு என்றால் உள்ளே.

இந்த ஊரில் எவன் தன்னைக் கூலி என்பான்? பெண் கொடுக்க வருகிறவர்களிடம் "சொந்தத் தறி" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அதைத்தான் திருப்பப் பார்த்தாள்.

ஐம்பதை நெருங்கியவள், எழுதப் படிக்கத் தெரியாது. சங்கச் செயலாளர் பன்னீர்செல்வம் சட்டத்தைப் படித்துக் காட்டியபோது கூலி நெசவு என்றால் உள்ளே என்ற அந்த ஒரு வரியை மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டாள். மெட்ராஸ் ஊர்வலத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து, அடுத்த ஊர்வலம் எப்போது என்று கேட்டவள். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்த பிறகுதான் அரசியல் பேசுவாள். "எம்.எல்.ஏ. அம்மா வர்றாங்க" என்று தெருவில் கேலி செய்தால், "ஓட்டு வாணாம், பதில ஒயுங்கா சொல்லு, போதும்" என்பாள்.

இத்தனை பேஜாரும் புருஷன் சடையனுக்காக. அவருக்கு இருதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைப்பார். வீட்டை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. காப்பீட்டுக் கார்டு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவளுடைய அரசியல் அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஆனால் தன் வீட்டில் மட்டும் அவள் ஒத்திகை நடத்தவில்லை. அந்தத் தறியைச் சடையன் தானே மரம் வாங்கி, இழைத்து, பூட்டியவர். அவரிடம் போய்க் கூலி என்று சொல்லச் சொல்வதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அதிகாரி வரும்போது தானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மூன்றாம் தெருவில் இருந்த விருத்தாம்பாள் செய்தி கேட்டு ஓடிவந்தாள். சடையன் சட்டை போட்டுக்கொண்டு, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் அதிகாரி.

"தறி யாருதுங்க?"

"என்னுது சார். நானே போட்டது." மூச்சு வாங்கியது; நிறுத்தி, மறுபடி சொன்னார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எவன்கிட்டயும் நாங்க கூலிக்கு நின்னதில்ல."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்திருந்தது. விருத்தாம்பாள் வாயைத் திறந்தாள். நாற்பது வீட்டில் கணீரென்று சொன்ன வார்த்தை அந்த முகத்துக்கு முன்னால் வரவில்லை.

அதிகாரி தாளைத் திருப்பி, பதிலை எழுதப் பேனாவை ஊன்றினார். கட்டியவனைத் தவிர வேறு ஆணின் விரலைக்கூடத் தொட்டறியாத விருத்தாம்பாள், எட்டி அந்தக் கையைப் பேனாவோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.